மீட்கப்பட்ட கரடிகளும் எல்லைக் காடுகளும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது பரம்பிக்குளம். ஆயினும் அங்குச் செல்லும் பயணிகள் பொள்ளாச்சிக்கு வந்து, சேத்துமடை வழியாக மலையேறி, தமிழ்நாட்டின் டாப்சிலிப்பைக் கடந்த பின்னரே கேரளக் காட்டினுள் நுழைய வேண்டும். தெற்கே இடுக்கி மாவட்டத்திலும் இத்தகைய நிலையே. உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறுக்குச் செல்லும் சாலை ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் வழியே போய்ச் சின்னாறு சரணாலயத்தினுள் புகுகிறது. இன்னும் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து மலையேறினால் குமுளி. அதை அடுத்துப் பெரியாறு. சாலைகளில் சோதனைச் சாவடிகள் மாநில எல்லையைக் காட்டுகின்றன. காட்டில் அத்தகைய அடையாளம் எதுவுமில்லை. யானை, காட்டெருமை, கரடி ஆகியவை இரு பக்கமும் ஒரே காடாகவே பயன்படுத்தி வருகின்றன.

இவற்றுள் யானையைப் பற்றியும் புலியைப் பற்றியும் பேசுவோர் பலர். கரடியைப் பற்றிய பேச்சு, யாரையேனும் அது தாக்கிய செய்தி வரும் நாளில் எழுந்து, மறுநாளே அடங்கிவிடுகிறது. உலகில் உள்ள எட்டு வகைக் கரடிகளுள் நான்கு இந்தியாவில் வாழ்கின்றன. தென்னிந்தியக் காடுகளில் உள்ளது ஒன்றே, அது தேன்கரடி. இந்தியாவையும் இலங்கையையும் முதன்மை வாழிடமாகக் கொண்ட இவ்வினம், அழியும் அபாயத்துக்கு உட்படக்கூடியது எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. காடுகளில் எஞ்சியவை 20,000-க்கும் குறைவு என்பது மதிப்பீடு.

சங்கப் புலவர்கள் இவ்விலங்கை எண்கு என்றும் உளியம் என்றும் குறித்தனர். இரவில் புற்றைத் தோண்டுவதும், இலுப்பைப் பூவைத் தேடி உண்பதும் அவர்கள் கண்ட காட்சிகள். அக்கண்பார்வை இன்றைய விலங்கியலோடு முழுதும் பொருந்துகிறது. ஐரோப்பிய விலங்கியலார்தாம் தொடக்கத்தில் தடுமாறினர். 1791-இல் இதற்கு அறிவியற் பெயரிட்ட ஜார்ஜ் ஷா, நீண்ட நகங்களைக் கண்டு, தென் அமெரிக்காவில் மரத்தில் தொங்கி வாழும் அசமந்த விலங்கின் இனத்தில் இதைச் சேர்த்துவிட்டார். அத்தவறு பின்னர் திருத்தப்பட்டது. ஆங்கிலப் பெயரில் மட்டும் இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தேன்கரடியின் உடலமைப்பு கறையானை உண்பதற்கென்றே அமைந்தது எனலாம். மேல்தாடையின் நடுவில் இரண்டு முன்பற்கள் இல்லை. அந்த இடைவெளி வழியே, உதடுகளைக் குழாய்போல் நீட்டி, புற்றினுள்ளிருக்கும் கறையானை உறிஞ்சுகிறது. மண் புகாதபடி மூக்குத் துளைகளை மூடிக்கொள்ளவும் வல்லது. முன்காலின் நகங்கள் இறுகிய புற்றையும் உடைக்கும். கோடையில் கொன்றை, நாவல், இலந்தை, அத்திப் பழங்கள், கிடைத்தால் தேன். உண்ட பழங்களின் விதைகளை எச்சத்தோடு வெகுதொலைவுக்குக் கொண்டு சேர்ப்பதால், காடு வளர்வதிலும் இதற்குப் பங்குண்டு. தாய்க்கரடி குளிர்காலத்தில் குகையில் ஈனும். பெரும்பாலும் இரண்டு குட்டிகள். குகையைவிட்டு வெளிவந்தபின் பல மாதங்கள் அவற்றை முதுகில் சுமந்தே திரிகிறது. குட்டிகள் தாயைப் பிரிய ஒன்றரை ஆண்டுக்கு மேலாகும். இந்த நீண்ட வளர்ப்புக் காலத்தில் தாயிடமிருந்து பறிக்கப்பட்ட குட்டிகளே தெருவில் ஆடவிடப்பட்டன.

சென்ற தலைமுறையினருக்குக் கரடி வித்தை புதிதன்று. ஊருக்குள் கரடி வந்தால் பிள்ளைகள் பின்னே ஓடுவர். பயந்த குழந்தையைக் கரடியின் மேல் உட்கார வைத்தால் பயம் தெளியும் என்பது நம்பிக்கை; கரடி முடி வைத்த தாயத்துக்குக் காசு கொடுத்தவர்களும் பலர். ஆட்டத்துக்குப் பின்னாலிருந்த செய்முறையைப் பார்த்தவர் குறைவு. குட்டியைப் பிடிக்கத் தாயைக் கொல்வது வழக்கம். சில மாதக் குட்டியின் மூக்குத்தண்டைச் சூடான கம்பியால் துளைத்து, அத்துளையில் கயிற்றைக் கோப்பர். பற்கள் உடைக்கப்படும் அல்லது பிடுங்கப்படும். ஆறாத புண்ணில் கயிற்றை இழுக்கும்போது எழும் வலியில் விலங்கு எழுந்து நின்று துள்ளுகிறது, அதுவே ஆட்டம். வட இந்தியாவிலும் தக்காணத்திலும் இத்தொழிலைச் செய்தவர்கள் பெரும்பாலும் கலந்தர் சமூகத்தினர். மொகலாய அரசவைகளில் வித்தை காட்டிய முன்னோரின் வழிவந்தவர்கள் எனக் கூறிக்கொள்ளும் இவர்கள், பிற்காலத்தில் நிலமும் கல்வியும் இன்றித் தெருவில் பிழைக்க நேர்ந்தவர்கள். கரடிக்கு நேர்ந்த கொடுமையைப் பேசும்போது இவர்களின் வறுமையையும் சேர்த்தே பேச வேண்டும்.

கேரளத்தில் விலங்கு வித்தையின் பெரிய களம் சர்க்கஸ். இந்திய சர்க்கஸின் தந்தை எனப் போற்றப்படும் கீலேரி குஞ்ஞிக்கண்ணன், தலைச்சேரியை அடுத்த சிறக்கரையில் 1901-இல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அங்கிருந்து பல குழுக்கள் நாடெங்கும் சென்றன. ஆகவே, விலங்குகளைக் காட்சிப்படுத்துவது பற்றிய பெரிய வழக்கும் கேரளத்திலேயே தீர்ப்புக்கு வந்தது பொருத்தமே. 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைக் காட்சிக்காகப் பழக்கக் கூடாது என மத்திய அரசு 1991-இல் அறிவிக்கை வெளியிட்டு, மறு ஆய்வுக்குப் பின் 1998-இல் அதை மீண்டும் பிறப்பித்தது. சர்க்கஸ் உரிமையாளர் தரப்பு இதை எதிர்த்துக் கேரள உயர்நீதிமன்றம் சென்றது. 2000 ஜூனில் உயர்நீதிமன்றம் அறிவிக்கையை உறுதிசெய்தது. சட்டத்தின் பாதுகாப்பும் கண்ணியமான வாழ்வும் மனிதனுக்கு மட்டுமே உரியவையா என்ற கேள்வியையும் அத்தீர்ப்பு எழுப்பியது. 2001 மே மாதத்தில் உச்சநீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது.

தீர்ப்பு வந்தது. கயிற்றில் கட்டிய கரடியை எங்கே கொண்டுபோய் வைப்பது? கைப்பற்றினால் காக்க இடமில்லை என்பதாலேயே, 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருந்தும் தெருக் கரடிகள் பல்லாண்டு தெருவிலேயே இருந்தன. புகலிடம் இல்லாத சட்டம் அலுவலரின் கையைக் கட்டிவிடுகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1995-இல் கார்த்திக் சத்தியநாராயணன், கீதா சேஷமணி ஆகியோர் தொடங்கிய வைல்டுலைஃப் எஸ்.ஓ.எஸ். என்னும் அமைப்பு, உத்தரப் பிரதேச வனத்துறையுடன் இணைந்து, ஆக்ராவை அடுத்த சூர் சரோவர் பறவைகள் சரணாலயத்தில் கரடிகளுக்குப் புகலிடம் அமைத்தது. 2002-இன் இறுதியில் முதல் கரடிகள் அங்கு வந்து சேர்ந்தன. பின்னர் பெங்களூருக்கு அருகே பன்னேர்கட்டாவிலும், போபாலின் வன விகாரிலும், மேற்கு வங்கத்தின் புருலியாவிலும் இத்தகைய நிலையங்கள் அமைந்தன. 600-க்கும் மேற்பட்ட கரடிகள் இவ்வாறு மீட்கப்பட்டன. இந்தியத் தெருக்களின் கடைசி ஆட்டக்கரடி எனக் கருதப்படும் ராஜு 2009-இல் பன்னேர்கட்டாவுக்கு வந்து சேர்ந்தது. ஏறக்குறைய இதே காலத்தில், 2007-இல், பல்கேரியாவும் தன் கடைசி ஆட்டக்கரடிகளைப் பெலிட்சா மலைப்பூங்காவில் சேர்த்தது. அண்டை நாடான நேபாளத்தில் 2017-இல்தான் கடைசி இரண்டும் மீட்கப்பட்டன.

புகலிடத்தில் நடைபெறும் பணி கேட்பதற்கு எளிது; செய்வதற்குக் கடினம். முதலில் விலங்கை மயக்கி, மூக்கில் சதையோடு ஒட்டிப்போன கயிற்றை அறுத்து நீக்குகின்றனர். பிறகு தனிமைப்படுத்திக் கண்காணிப்பு. மனிதரோடு நெருங்கி வாழ்ந்ததால் காசநோய் தொற்றியவை பல. கண்புரை, உடைந்த பற்களில் சீழ், ஊட்டக் குறைவு ஆகியவை பொதுவானவை. கஞ்சி, பால், முட்டை, பழங்கள் என உணவு திட்டமிடப்படுகிறது. உடல் தேறிய பின் மரங்களும் குட்டையும் உள்ள வேலியிட்ட நிலத்தில் விடப்படுகின்றன. அங்கே துளையிட்ட கட்டைகளில் தேன் தடவி வைக்கின்றனர். உணவை மண்ணில் புதைத்தும் உயரத்தில் கட்டியும் வைக்கின்றனர். தேடி உண்ணும் இயல்பை மீட்பதே இதன் நோக்கம். ஆனாலும், கயிறு போன பிறகும் நின்ற இடத்திலேயே தலையை இருபுறமும் ஆட்டிக்கொண்டிருக்கும் கரடிகள் உண்டு. அப்பழக்கம் சிலவற்றில் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. கயிற்றை நீக்க ஒரு மணி நேரம் போதும். கயிற்றின் நினைவை நீக்க மருந்தில்லை.

இவற்றை ஏன் காட்டில் விடக்கூடாது என்று மாணவர்கள் கேட்பது இயல்பு. பல்லில்லாத, மூக்கு சிதைந்த, உணவு தேடக் கற்றுத்தரும் தாயை இழந்த விலங்கு காட்டில் பிழைக்காது. பசித்தால் மனிதரையே நாடி வரும். காசநோயைக் காட்டுக் கரடிகளுக்கு அது பரப்பவும் கூடும். எனவே இவை ஆயுள் முழுவதும் அடைப்பில்தான் வாழ வேண்டும். அங்கும் இனப்பெருக்கத்துக்கு இடமில்லை. அடைப்பில் பிறக்கும் குட்டிக்குப் போக்கிடம் கிடையாது என்பதே காரணம். இவ்வகையில் பார்த்தால், புகலிடத்தின் வெற்றி அது ஒரு நாள் காலியாவதில்தான் இருக்கிறது. உள்ளே வந்த ஒவ்வொரு கரடியும் காட்டுக்கு இழப்பே. அடுத்த குட்டி பிடிபடாமல் இருந்தால்தான் செலவுக்கும் உழைப்புக்கும் பொருளுண்டு.

மீட்புத் திட்டம் கலந்தர் குடும்பங்களை ஒதுக்கிவிடாததற்கும் இதுவே காரணம். கரடியை ஒப்படைத்த குடும்பத்துக்கு மாற்றுத் தொழிலுக்கான உதவித்தொகை தரப்பட்டது. மீண்டும் கரடி பிடிப்பதில்லை என்று எழுதி வாங்கப்பட்டது. ஆட்டோ ஓட்டவும், சிறுகடை வைக்கவும், கைவினை செய்யவும் பலர் மாறினர். பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் குழந்தைகளுக்குப் பள்ளிப்படிப்பும் கிடைத்தன. பிழைப்பு மாறியதால் சந்தை சுருங்கியது. சந்தை சுருங்கியதால் குட்டி பிடிப்போருக்கு வாங்குவோர் இல்லாமற் போயினர். வெறும் கைது நடவடிக்கையால் இது நடந்திருக்காது.

பொதுமக்களுக்குக் கற்பிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கூட்டத்தின் முன் நிற்க வைக்கப்பட்டுத் துன்புற்ற விலங்கை, கல்வியின் பெயரால் மறுபடியும் கூட்டத்தின் முன் நிறுத்தலாமா? மீட்பு நிலையங்கள் காட்சிச்சாலைகள் அல்ல என்பதே மத்திய உயிர்க்காட்சியக ஆணையத்தின் அணுகுமுறை. வருவோரைக் குறைத்து, தொலைவில் நிறுத்தி, கரடியைவிடக் கரடியின் கதையை முன்வைப்பதே முறை. அறுத்தெடுத்த மூக்குக்கயிறு ஒன்றைக் கையில் கொடுத்தால் பள்ளிச் சிறுவன் அதை மறக்கமாட்டான்; அதற்காகக் கரடி எழுந்து நிற்க வேண்டியதில்லை.

இக்கல்வி மிகவும் தேவைப்படும் இடம் காட்டின் விளிம்பு. பாலக்காட்டின் நெல்லியாம்பதி, பரம்பிக்குளம். இடுக்கியின் மறையூர், சின்னாறு, குமுளி. இவற்றுக்கு இடையே தமிழ்நாட்டின் வால்பாறை. இங்கெல்லாம் காடும் தேயிலை, காப்பி, ஏலத் தோட்டங்களும் கைகோத்துக் கிடக்கின்றன. காடர், முதுவர், மலசர், புலையர் குடியிருப்புகள் காட்டினுள்ளேயே உள்ளன. இங்குள்ளவர்களுக்குக் கரடி படத்தில் காணும் பொருளன்று. வால்பாறைத் தோட்டங்களில் தொழிலாளர்கள் கரடியால் தாக்கப்பட்ட நிகழ்ச்சிகள் உண்டு. கரடி முகத்தையும் தலையையும் தாக்குவதால், உயிர் தப்பியவர்களும் ஆயுள் முழுவதும் தழும்போடு வாழ்கின்றனர். அப்படிப்பட்ட குடும்பத்தில் போய்க் கரடியிடம் இரக்கம் காட்டுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வரும் அலுவலரை யாரும் இரண்டாம் முறை கேட்கமாட்டார்கள்.

சொல்ல வேண்டியது வேறு. கரடிக்கு மோப்பம் கூர்மை; பார்வை அத்தனை கூர்மையன்று. புற்றில் முகம் புதைத்து உறிஞ்சிக்கொண்டிருக்கையில் அருகில் ஆள் வருவதை அது அறிவதில்லை. திடீரென அறியும்போது ஓடுவதற்குப் பதில் பாய்கிறது. புலியோடு ஒரே காட்டில் வாழ்ந்த விலங்கு, தற்காப்புக்குத் தாக்குதலையே பழகியிருக்கிறது என்பர். ஆதலால் விடியற்காலையிலும் மாலை மங்கிய பின்னும் தனியே செல்லாதிருப்பதும், பேசிக்கொண்டு குழுவாக நடப்பதும் நல்ல காப்பு. ஒருவேளை தாக்க வந்துவிட்டால், ஓடுவதைவிடக் கழுத்தையும் முகத்தையும் கைகளால் மறைத்துக் குப்புறப் படுப்பது மேல். குடியிருப்பை ஒட்டி உண்ணிச்செடி மண்டிவிடாமல் வெட்டுவதும் முக்கியம். பகலில் கரடி ஒதுங்குவது அப்புதர்களில்தான். பலா பழுக்கும் பருவத்தில் விழுந்த பழங்களை அன்றாடம் அகற்றினால், கரடி லயன் வீடுகள் வரை வருவது குறையும். தோட்ட நிர்வாகம், ஊராட்சி, வனத்துறை ஆகிய மூன்றும் சேர்ந்து செய்ய வேண்டிய சிறு வேலை இது, சேராததால்தான் நடப்பதில்லை.

குட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாறை இடுக்கில் தனியாகக் கிடக்கும் குட்டி அநாதை என்று எண்ணி, இரக்கத்தால் வீட்டுக்கு எடுத்து வந்துவிடுவோர் இருக்கின்றனர். தாய் இரை தேடப் போயிருக்கும். மனிதர் விலகி நின்றால் பெரும்பாலும் அது திரும்பி வரும். எடுத்து வந்த குட்டியோ வாழ்நாள் கைதியாகிவிடுகிறது. தொடாமல் விலகி, வனத்துறைக்கு இடத்தைத் தெரிவிப்பதே சரி. தேன் எடுக்கும் முதுவரும் காடரும் காட்டின் குகைகளையும் பருவங்களையும் அறிந்தவர்கள். குட்டி ஈனும் காலத்தில் எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதை வெளியாருக்கு அவர்களே சொல்லித்தர முடியும்.

அறியாமையின் விலையை அலுவலர்களும் நினைவிற்கொள்ள வேண்டும். 2023 ஏப்ரலில் திருவனந்தபுரம் மாவட்டம் வெள்ளநாட்டில், கோழியைத் துரத்தி வந்த கரடி ஒன்று வீட்டுக் கிணற்றில் விழுந்தது. மீட்பதற்காக மயக்க ஊசி செலுத்தினர். மயங்கிய கரடி வலையிலிருந்து நழுவி நீரில் மூழ்கி இறந்தது. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. உதவத்தான் அனைவரும் கூடினர். நீரிலுள்ள விலங்குக்கு மயக்க மருந்து தரலாகாது என்ற விதியும், கூட்டத்தை விலக்கி ஓர் ஏணியையோ கிளையுள்ள மரத்தடியையோ இறக்கிவிட்டால் கரடி தானே ஏறிப் போய்விடக்கூடும் என்ற அனுபவமும் அந்நேரத்தில் பயன்படவில்லை. கைப்பிடிச் சுவரற்ற கிணறுகள் எல்லைக் கிராமங்களில் இன்னும் உள்ளன. ஒரு சுவருக்கு ஆகும் செலவு, ஒரு கரடியை ஒரு மாதம் புகலிடத்தில் வைத்துப் பேணுவதைவிடப் பெரிதாக இராது.

காட்டை அழித்தவர்களே காவலரான வரலாறு இப்பகுதிக்குப் புதிதன்று. பெரியாறு காப்பகத்தில் 1990-களின் பிற்பகுதியில், உலக வங்கியின் உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் நடந்தபோது, வயணை மரப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுவந்த இளைஞர்கள் சிலர் வழக்குகளிலிருந்து விடுபட்டு, வனத்துறையின் வழிகாட்டிகளாயினர். கடத்தலுக்குப் பயன்பட்ட அதே ஒற்றையடிப் பாதைகளில் அவர்கள் பயணிகளை அழைத்துச் செல்லத் தொடங்கினர். இரவுக் காவலும் செய்தனர். வசந்தசேனை என்னும் பெண்கள் குழு ஊதியமின்றிக் காட்டில் ரோந்து செல்கிறது. ஆக்ராவில் கலந்தருக்குச் செய்யப்பட்டதும் குமுளியில் பட்டை உரிப்போருக்குச் செய்யப்பட்டதும் அடிப்படையில் ஒன்றே. முதலில் வயிற்றுக்கு வழி, பிறகு பொறுப்பு.

கேரள வனத்துறை பரம்பிக்குளம், சின்னாறு, பெரியாறு போன்ற இடங்களில் மாணவர்களுக்கு இயற்கைக் கல்வி முகாம்கள் நடத்திவருகிறது. பாலக்காடு மாவட்டத்தின் அமைதிப் பள்ளத்தாக்கைக் காத்த இயக்கத்தில், கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் கவிஞர் சுகதகுமாரி முதலியோரும் ஊர் ஊராகச் சென்று பேசியதன் பயனை அம்மாநிலம் கண்டிருக்கிறது. 1984-இல் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரடிக்கு அத்தகைய பேச்சாளர்கள் இன்னும் கிடைக்கவில்லை. மத்திய அரசு 2012-இல் கரடிகளின் பாதுகாப்புக்கும் நலத்துக்கும் தேசியச் செயல்திட்டம் வெளியிட்டது. அதன் செய்தி எல்லைக் கிராமத்துக்குச் சென்றடைய வேண்டுமானால் மொழியையும் கவனிக்க வேண்டும். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களில் தமிழ்வழிப் பள்ளிகள் உள்ளன. பாலக்காட்டின் சித்தூர்ப் பக்கத்திலும் தமிழர் திரளாக வாழ்கின்றனர். மலையாளத்தில் மட்டும் அச்சிட்ட எச்சரிக்கைப் பலகை தோட்டத் தொழிலாளரில் பாதிப்பேருக்குப் பயன்படாது; எழுத்தே பயிலாத முதியோருக்கு இரண்டு மொழிப் பலகையும் பயன்படாது. அவர்களிடம் வாய்மொழியாகச் சொல்ல, அவர்கள் குடியிலிருந்தே தேர்ந்தெடுத்த காவலர்கள் உண்டு. முகாமுக்கு வரும் மாணவர்களை ஒரு காலைப்பொழுது அக்காவலர்களோடு அனுப்பி, மரத்தில் கரடி ஏறிய நகத்தடத்தையும் உடைத்த புற்றையும் காட்டச் செய்யலாம். கரடியையே காணாமல் திரும்பினாலும், அது அங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அவர்கள் வீட்டுக்குப் போவார்கள்.